எண்ணோடு வராத ஐயம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே பிராகாரத்தைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். இருநூறு அடிக்கு மேல் எழுந்து நிற்கும் விமானம் கண்ணைக் கீழே இறங்கவிடுவதில்லை. இறங்கினால் தெரிவது வேறொரு வியப்பு. கல்லில் வரி வரியாகச் செதுக்கியிருப்பதில் பெரும்பகுதி இராசராசன் காலத்து வரவு செலவு: கோயிலுக்கு விட்ட ஊர்கள், ஒவ்வோர் ஊரின் நிலம், அதில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போக மிஞ்சியது, மிஞ்சியதற்கு அளக்க வேண்டிய நெல். அந்தக் கணக்கில் வேலிக்குக் கீழே மா, மாவுக்குக் கீழே முந்திரி என்று பின்னங்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று; அதை மறுபடி முந்நூற்றிருபதால் வகுத்தால் கீழ்முந்திரி; அதற்கும் கீழே இன்னும் படிகள் உண்டு. ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரே ஒரு கூறு வரைக்கும் அக்காலத்தில் நிலம் கணக்கிடப்பட்டிருப்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்னும் இன்றைய வழக்கில் பார்த்தால், அந்தக் கூறு சதுர மில்லிமீட்டரில் பாதி. அதில் ஒரு கடுகை வைக்க இடம் போதாது.

எந்தக் கோலைக் கொண்டும் எந்த வயலிலும் அப்படி அளந்திருக்க முடியாது. வரப்பு ஒரு மழையில் கரைந்து ஒரு சாண் நகரும்; கோலை மடக்கிப் போடும் கையில் விரற்கடை பிசகும். அந்த இலக்கங்கள் வயலில் பிறந்தவை அல்ல, கணக்கன் மடியில் இருந்த ஓலையில் பிறந்தவை. நிலத்தை வகுத்து, கழித்து, தரத்துக்கு ஏற்பப் பெருக்கியபோது மிச்சம் விழுந்தது. மிச்சத்தை அவன் உதறவில்லை. இதை அறியாமை என்று சிரிப்பது நியாயமாகாது. இறைவனுக்கும் அரசனுக்கும் உரிய பங்கில் இம்மியும் குறையக் கூடாது என்பது அவன் வேலையின் அறம். பங்கிடும் கணக்கில் அது சரியும்கூட. அளவையின் கணக்கிலோ, தெரிந்த இடம் எங்கே முடிகிறது, தெரியாத இடம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோடு கல்லில் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிற நமக்கு எண் அப்படியே கிடைக்கிறது. அதில் எவ்வளவை நம்பலாம் என்ற செய்தி கிடைப்பதில்லை. பிற்காலத்து அளவைகளின் வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் இதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். அளவு ஒன்று பிறக்கும்போதே அதோடு ஓர் ஐயமும் பிறக்கிறது. தலைமுறைகள் கைமாற்றிக்கொள்வது எண்ணை மட்டும்தான்.

அதே விமானத்தின் மீது 1808இல் வேறொரு அளவைக்காரர் ஏறினார். வில்லியம் லாம்ப்டன் என்னும் அந்த ஆங்கிலேயப் படை அதிகாரி, ஆறாண்டுகளுக்கு முன் சென்னையில் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையைக் காவிரிச் சமவெளி வரை கொண்டுவந்திருந்தார். தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும் இந்தத் தட்டை நிலத்தில் தொலைவு பார்க்கக் கோபுரங்களை விட்டால் வேறு மேடு இல்லை. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதி நசுங்கியது. கோணம் பார்க்கும் அதன் பெரிய வட்டமே கோணிப்போயிற்று. லாம்ப்டன் அதை இங்கிலாந்துக்கு அனுப்பிக் காத்திருக்கவில்லை. வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, தட்டியும் இழுத்தும் அந்த வட்டத்தை வட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு மறுபடி அளக்கப் போனார்.

இந்த மனிதரின் பிடிவாதம் சென்னையிலேயே தெரிந்ததுதான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அவர் அளந்தார். இன்று மாடிக் குடியிருப்புகள் முளைத்து நிற்கும் அந்தப் பகுதியில் அன்று நூறடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை நீட்டி வைத்தார்கள். சங்கிலி தரையில் கிடக்கவில்லை. முக்காலிகளின் மீது மட்டம் பார்த்து வைத்த மரப்பெட்டிகளுக்குள் கிடந்தது. வெயில் படாமல் மேலே மறைப்பு, பக்கத்தில் வெப்பமானிகள். ஏன் இத்தனை பாடு? பத்து பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் நூறடி எஃகு எட்டில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் நீளும். ஒருமுறைக்கு அது ஒன்றுமில்லை. நானூறு முறையும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் ஐந்தடிக்கு அருகே வந்துவிடும். சித்திரை வெயிலில் அந்த வேலை முடிய ஐம்பத்தேழு நாள் ஆயிற்று. இரண்டாண்டு கழித்துப் பெங்களூர் அருகே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் சில அங்குலங்களே இருந்தது. தன் வேலையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதைத் தானே சோதித்து அறிந்து எழுதிவைத்தவர் என்ற வகையில், அவரை ஓர் ஏகாதிபத்தியத்தின் வேலையாள் என்று மட்டும் சொல்லி ஒதுக்க மனம் வரவில்லை. அந்த வரைபடம் யாருக்கு ஊழியம் செய்தது என்பது வேறு வழக்கு.

தன் பிழையின் எல்லையை அறிந்தவனுக்குக் கிடைக்கும் பரிசு என்ன என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு தெரிந்தது. லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வடக்கே கொண்டுபோன அளவையில், கல்யாண்பூர், கல்யானா என்ற இரண்டு நிலையங்கள் 370 மைலுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இருந்தன. முக்கோண அளவை காட்டிய அட்சரேகை வேறுபாடும், நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த வேறுபாடும் ஒட்டவில்லை. இடறியது ஐந்தேகால் விகலை. ஒரு பாகையை 3,600 கூறிட்டால் வருவது ஒரு விகலை. தரையில் அந்த ஐந்தேகால் விகலை ஐந்நூறு அடிக்குச் சற்று மேல். நூற்றுக்கணக்கான மைல் ஓடிய வேலையில் ஐந்நூறு அடிதானே என்று எல்லா நிலையங்களுக்கும் பங்கிட்டுக் கரைத்துவிடுவது எளிது. ஆனால் கருவியும் கணக்கும் எவ்வளவு பிசகலாம் என்பது தெரிந்திருந்தது. அந்த எல்லைக்குள் இது அடங்கவில்லை. கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்னும் பாதிரியார் இதை எடுத்துக்கொண்டு 1855இல் கணக்கிட்டார். இமயமலையின் பெரும் பாரம் தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்றால், வேறுபாடு ஐந்தல்ல, ஏறக்குறைய பதினாறு விகலையாக இருக்க வேண்டும்! மலை தன் உருவத்துக்கு உரிய இழுப்பை இழுக்கவில்லை. அதே ஆண்டு ஜார்ஜ் ஏரி என்னும் வானியலாளர் விளக்கம் சொன்னார்: மலைக்கு அடியில் லேசான பாறையாலான வேர் உண்டு, அது அடர்ந்த அடிப்பகுதிக்குள் மிதப்பதுபோல் அமிழ்ந்திருக்கிறது. பூமியின் மேலோடு சமநிலையில் மிதக்கிறது என்ற கருத்தின் பிறப்பிடம் அதுதான். கெப்ளர் செவ்வாயின் பாதையில் எட்டுக் கலை (ஒரு கலை அறுபது விகலை) வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மறுத்து, வட்டப் பாதையையே கைவிட்டதும் இதே குணம்தான். டைக்கோ பிராகேயின் கண் அவ்வளவு பிசகாது என்று அவருக்குத் தெரியும். கெப்ளரின் எட்டுக் கலையில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் பிராட்டின் ஐந்து விகலை.

அதே துறை, அதே காலம், அதே மனிதர்கள். கதை மறுபக்கம் திரும்புவதையும் பார்க்க வேண்டும். 1849இலும் 1850இலும் ஜேம்ஸ் நிக்கல்சன் பீகார் சமவெளியில் ஆறு நிலையங்களிலிருந்து, நூறு மைலுக்கும் அப்பால் தெரிந்த ஒரு சிகரத்தின் ஏற்றக் கோணங்களை எடுத்தார். பதினைந்தாம் எண் சிகரம் என்பதே அன்று அதன் பெயர்; இன்று எவரெஸ்ட். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணிதரின் பெயரோடு சேர்ந்த கணக்கு வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆறு நிலையங்கள் தந்த உயரங்கள் இவை: 28,990.4, 28,991.6, 28,998.6, 29,001.8, 29,005.3, 29,026.1 அடி. சராசரி 29,002.3. அளவைத் துறைத் தலைவர் ஆண்ட்ரூ வா 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார். கணக்கில் வந்தது முழுசாக 29,000 என்றும், யாரோ உத்தேசமாகச் சொன்ன எண் என்று உலகம் நினைத்துவிடும் என்று அஞ்சி இரண்டடி சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. மேலே உள்ள ஆறு எண்களைக் கூட்டி ஆறால் வகுத்துப் பார்ப்பவருக்கு அந்தக் கதையில் சாரமில்லை என்று விளங்கும். ஆனாலும் அது ஏன் சாகவில்லை என்பது யோசிக்கத்தக்கது. சுன்னத்தில் முடியும் எண்ணை மனிதர்கள் நம்புவதில்லை. இரண்டில் முடிந்தால் யாரோ அருகில் போய் அளந்துவந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள்.

அந்த ஆறு எண்களோடு இன்னும் சற்று நேரம் இருப்போம். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடைவெளி ஏறக்குறைய 36 அடி. இப்படிச் சிதறும் எண்களின் சராசரிக்கு இன்றைய முறைப்படி பிழை எல்லை கணக்கிட்டால் ஐந்தடிச் சொச்சம் வருகிறது. ஆகவே 29,002.3 என்று எழுதுவதில் அந்தத் தசமம் வெறும் பேச்சு. இரண்டே ஆட்டத்தில் இருக்கும்போது மூன்றுக்கு என்ன மதிப்பு? 29,002 ± 5 என்று எழுதியிருந்தால் அந்த ஆறு நிலையங்களுக்கு உண்மையாக இருந்திருக்கும். அதுகூடப் போதாது என்பதுதான் இதில் கற்க வேண்டிய கடினமான பாடம். இன்றைய அளவை 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. ஐந்தடி ஐயம் என்று சிதறல் சொன்னது, பிசகோ முப்பதடி. சமவெளியின் சூடான காற்றைக் கடந்து வரும் ஒளி வளைகிறது. அந்த வளைவுக்காகக் கழித்த அளவே ஆயிரம் அடியைத் தாண்டும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு தவறினால் போதும், முப்பதடி போய்விடும். ஆறு நிலையங்களுக்கும் ஒரே காற்று, ஒரே வாய்பாடு. எல்லோரும் ஒரே பக்கம் தவறினால் அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமை உண்மைக்குச் சாட்சியாகாது. பிறகு 1905 வாக்கில் அதே அளவைத் துறையின் பர்ரார்டு ஒளிவிலகலை மேலும் திருத்திப் பார்த்தபோது விடை 29,141 அடி என்று வந்தது. அறிவு வளர்ந்தது, விடை முன்னைவிடத் தொலைவுக்குப் போயிற்று. மக்களோ எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளி வரைபடங்களில் 29,002 ஒரு நூற்றாண்டு உட்கார்ந்திருந்தது. 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறியபோதும் பத்திரிகைகள் அதையே அச்சிட்டன. அடுத்த ஆண்டுகளில் இந்திய நில அளவைத் துறையின் புதுக் கணக்கு 29,028 என்று மாற்றியது. 2005இல் சீனா சிகரத்தின் பாறை உயரத்தை 8,844.43 மீட்டர் என்று அறிவித்தபோது, ± 0.21 என்று பிழை எல்லையையும் சேர்த்தே சொன்னது. செய்தித்தாள்களில் முன்பாதி வந்தது. பின்பாதி பெரும்பாலும் வரவில்லை.

மலை தூரத்தில் இருந்ததால் வந்த வினை என்று எண்ண வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இதே கதை நடந்திருக்கிறது. ஒளியின் வேகத்தை 1926இல் இயற்பியலாளர் மைக்கல்சன் நொடிக்கு 299,796 கிலோமீட்டர் என்றார், நாலு முன்பின் இருக்கலாம் என்றார். பின்வந்த அளவீடுகள் எண்ணைக் கீழே இழுத்தன. 1941இல் அன்று கிடைத்த நல்ல அளவீடுகளையெல்லாம் எடைபோட்டுத் தொகுத்த ரேமண்ட் பெர்ஜ் 299,776 ± 4 என்று முடிவுகட்டினார். ஒளியின் வேகமே காலப்போக்கில் குறைந்துவருகிறதோ என்றுகூட முப்பதுகளில் அறிவியல் இதழ்களில் விவாதம் எழுந்தது. போருக்குப் பின் புதுக் கருவிகள் வந்தபோது எண் மறுபடி மேலேறி 299,792ஐச் சுற்றி நின்றது. பெர்ஜ் ஏமாற்றவில்லை, சோம்பலும் படவில்லை. அக்காலத்தின் மிகக் கவனமான மனிதர்களில் ஒருவர் அவர். ஆனாலும் அவர் தந்த நாலு, பதினாறாக இருந்திருக்க வேண்டும். தாம் அறிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக அறிந்ததாக ஒவ்வொரு தலைமுறையும் எழுதிவைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1983இல் மீட்டரையே ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுத்து, 299,792.458 என்பதைப் பிழையற்ற எண்ணாக ஆக்கிவிட்டார்கள். ஐயம் அங்கிருந்து மறைந்து மீட்டர் கோலுக்குள் குடிபுகுந்தது.

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் வெப்பமானியின் 98.6கூட இந்த வம்சம்தான். லைப்சிக்கில் மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் உடல் வெப்பத்துக்கு 37 பாகை செல்சியஸ் என்று சொன்னார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியவர்கள் பெருக்கலில் விழுந்த தசமத்தையும் சேர்த்து எழுதினார்கள். ஆள் தோறும், வேளை தோறும் ஒரு பாகைக்கு மேல் ஏறி இறங்கும் ஒன்றுக்கு, பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் வந்து ஒட்டிக்கொண்டது. 98.8ஐப் பார்த்துக் கலங்கிய அம்மாக்கள் எத்தனை தலைமுறை!

இந்த நெடுங்கதைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவர 1993இல் பன்னாட்டு அளவையியல் அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டன. அதன் பின்னணியில் உள்ள வழக்கம் மிக எளியது. பிழை எல்லையை ஓர் இலக்கத்தில், மிஞ்சினால் இரண்டு இலக்கத்தில் எழுது. அது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தோடு அளவையும் நிறுத்து. சிதறலிலிருந்து வரும் ஐயத்தைப் போலவே, சிதறலில் தெரியாத ஐயத்தையும் அனுபவத்தாலும் நியாயத்தாலும் மதிப்பிட்டுச் சேர் என்பது அந்த நூலின் முக்கியமான அறிவுரை. இமயத்தின் முப்பதடியும் ஒளியின் பதினாறு கிலோமீட்டரும் நுழைந்தது அந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான். நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூலில் முக்கிய எண்ணுருக்கள் என்ற தலைப்பில் இதன் முதல் பாதி இருக்கிறது. சுன்னம் எப்போது எண்ணப்படும், எப்போது எண்ணப்படாது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். யாருக்காக இந்த விதி என்பதைச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு.

இன்று இலக்கங்களுக்குப் பஞ்சமில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையை ஏழு தசமம் வரை காட்டுகிறது. ஏழாவது தசமம் என்பது தரையில் ஒரு சென்டிமீட்டர். அந்தக் கருவியோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் தடுமாறக்கூடியது. கருத்துக்கணிப்பு ஒரு கட்சிக்கு 38.4 விழுக்காடு என்கிறது. கேட்டது ஆயிரம் பேரையானால் மூன்று விழுக்காடு முன்பின் போகும் என்பது எந்தப் புள்ளியியல் மாணவருக்கும் தெரியும். அந்த .4ஐ வைத்து இரவு முழுக்க விவாதம் நடக்கிறது. இதெல்லாம் நம் காலத்தின் சீரழிவு என்று புலம்ப இடமில்லை. தஞ்சைக் கல்லில் இருந்த பழக்கம்தான். அன்று வகுத்தது கணக்கனின் கை, இன்று வகுப்பது சில்லு. மாறியது ஒன்று உண்டு. ஓலையில் ஒரு கீழ்முந்திரியை இறக்க அந்தக் கணக்கன் உழைத்தாக வேண்டும். இன்று பொய்யான இலக்கத்துக்கு எந்த உழைப்பும் வேண்டாம். நிறுத்துவதற்குத்தான் யோசனை வேண்டும்.

நமக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போனவற்றில் இந்த ஒன்றையாவது நாம் திருத்தித் தரலாம். செய்முறைத் தேர்வில் திருகு அளவியைக் கையில் கொடுக்கும் ஆசிரியர்கள், கால்குலேட்டர் காட்டிய எட்டு இலக்கத்தையும் நோட்டில் இறக்கிவைத்த மாணவரிடம் ‘இதில் எத்தனை உனக்குத் தெரியும்?’ என்று கேளுங்கள். சரியான விடைக்குப் போடும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்தப் பதிலுக்கும் ஒதுக்குங்கள். செய்தி மேசையில் இருப்பவர்கள், ஓர் அளவு பிழை எல்லை இல்லாமல் வந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கி, அதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.